மறுக்கத் தெரிந்த கருணை

மருந்து கொடுப்பது தருமமா, கடமையா என்ற கேள்வி பழையது. இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசு வாங்குவதில்லை என்பதால் அந்தக் கேள்வி இங்கே தீர்ந்துவிட்டதாகப் பலரும் எண்ணுகிறோம். அது தீரவில்லை. மருந்து யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, வழியில் அதை யார் சோதிக்கிறார், சோதித்தவருக்கு 'இது வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் இருக்கிறதா என்று கேட்காமல் தருமத்தையும் கடமையையும் பற்றிப் பேசுவதில் அதிகப் பயனில்லை. வைத்தியரைத் தெய்வத்துக்கு அடுத்த இடத்தில் வைக்கிறோம். கொடையாளியின் பெயரைக் கல்லில் வெட்டுகிறோம். இருவருக்கும் நடுவில் நின்று பெட்டியைத் திறந்து, திகதியைப் பார்த்து, அளவைக் கணக்கிட்டுக் கொடுக்கும் மருந்தாளரைப் பற்றிக் கோயிலிலும் பள்ளிவாசலிலும் விகாரையிலும் பிரசங்கம் நடப்பதில்லை. நம் அறச்சிந்தனையில் அவர் ஒரு கடைக்காரராகவே நிற்கிறார். மருந்தின் அறம் கொடுப்பவரின் இரக்கத்தில் தொடங்கினாலும் சோதிப்பவரின் அறிவில்தான் நிறைவேறுகிறது என்பது என் வாதம். அது சரியானால், மருந்தைப் பற்றி நாடுகளும் உலக நிறுவனங்களும் முடிவெடுக்கும் இடத்தில் மருந்தாளர் இருக்கவேண்டும் என்பதை ஒரு தொழிலின் சலுகைக் கோரிக்கையாகப் பார்க்க முடியாது. அதை அறம் சார்ந்த கோரிக்கையாகவே பார்க்கவேண்டும். இதை யோசிப்பதற்குத் திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள மாவட்டம் ஏற்ற இடம். கடல், போர், காய்ச்சல், பணமுடை என்று நான்கு வழியாலும் இந்தக் கேள்வி இங்கே வந்திருக்கிறது.

முதலில் கடல். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் திருகோணமலை மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரையோரத்தில் இருந்த கிண்ணியா ஆஸ்பத்திரியும் அழிந்தது. உலகம் இரங்கியது, அந்த இரக்கம் உண்மையானது. ஆனால் அது பெட்டி பெட்டியாக வந்து இறங்கியபோது, கேட்ட மருந்தோடு கேட்காத மருந்தும் சேர்ந்தே வந்தது. இதே அலையால் இன்னும் பெரிதாக அழிந்த இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தில் 'எல்லைகளற்ற மருந்தாளர்கள்' என்ற பிரெஞ்சு அமைப்பு வந்ததை எல்லாம் எண்ணிப் பார்த்தது. இருபது இலட்சத்துக்கும் குறைவான மக்களுக்கு ஏறத்தாழ 4,000 தொன் மருந்து வந்திருந்தது. அதில் 60 வீதம் அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லை. 70 வீதத்தின் பெயர்ச்சீட்டு அங்குள்ளவர்களால் வாசிக்கமுடியாத மொழியில் இருந்தது. நூற்றுக்கணக்கான தொன்னை அழிக்கவேண்டியிருந்தது, அழிக்கவும் காசு வேண்டியிருந்தது. இது அச்சேயில் தொடங்கிய கதை இல்லை. 1988இல் ஆர்மேனியாவில் நிலம் அதிர்ந்தபோது 5,000 தொன் மருந்தும் மருத்துவப் பொருளும் போய்ச் சேர்ந்தன. ஐம்பது பேர் ஆறு மாதம் இருந்து பிரித்தார்கள். உடனே பயன்படுத்தத் தக்கதாக இருந்தது 30 வீதம் மட்டுமே. வெட்டுக்காயத்தோடும் எலும்பு முறிவோடும் மக்கள் காத்திருந்த நாட்களில், சுகாதார ஊழியர்கள் பிறர் அனுப்பிய நல்லெண்ணத்தைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரமும் நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்டதுதான்.

இப்படிப்பட்ட அனுபவங்கள் திரண்டுதான் 1996இல் உலக சுகாதார நிறுவனம் மருந்து நன்கொடைக்கான வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. பெறுகிற நாடு தன் தேவையைச் சொல்லவேண்டும். அந்த நாட்டின் பட்டியலில் உள்ள மருந்தையே அனுப்பவேண்டும். போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டாவது இருக்கவேண்டும். அங்குள்ள மருந்தாளர் வாசிக்கக்கூடிய மொழியில் மருந்தின் பொதுப்பெயர் எழுதியிருக்கவேண்டும். ஒரு நோயாளிக்குக் கொடுத்து மிஞ்சியதைத் திரட்டி அனுப்பக்கூடாது. இந்த விதிகளுக்கு அடியில் நான்கு கோட்பாடுகள் உண்டு. அவற்றில் ஒன்று, தரத்தில் இரண்டு அளவுகோல் கூடாது என்பது. கொடுப்பவரின் நாட்டில் விற்கமுடியாத மருந்து பெறுபவரின் நாட்டுக்கும் ஆகாது. ஒரு நிருவாக ஆவணத்தில், எந்த மதநூலிலும் வைக்கத்தக்க ஒரு வாக்கியம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

உண்மையில் அது மதநூலில் ஏற்கெனவே இருக்கிறது. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில், 267ஆம் வசனம் தான தருமத்தைப் பற்றிப் பேசுகிறது. உங்களுக்கு யாராவது தந்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவீர்கள் என்ற நிலையில் உள்ள மட்டமான பொருளைத் தருமத்துக்கென்று பொறுக்கி எடுக்காதீர்கள் என்பது அதன் கருத்து. கிண்ணியாவிலும் மூதூரிலும் ஸகாத்தும் ஸதகாவும் கொடுக்கும் குடும்பங்களுக்கு இது தெரிந்த வசனம். ஆனால் துணியிலோ தானியத்திலோ மட்டம் எது என்பதைக் கொடுப்பவரே கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். மருந்தில் அப்படிப் பார்க்கமுடியாது. வெயிலில் கிடந்து வீரியம் போன இன்சுலினும் குளிர்ப்பெட்டியில் இருந்த இன்சுலினும் கண்ணுக்கு ஒன்றுதான். ஆகவே மருந்துத் தருமத்தில் கொடுப்பவரின் மனச்சாட்சி தனியாக நின்று இயங்கமுடியாது. அது வேறொருவரின் அறிவைக் கடன் வாங்கியாகவேண்டும்.

பௌத்த மரபு இதை இன்னும் நேராகச் சொல்லியிருக்கிறது. அங்குத்தர நிகாயத்தின் ஐந்தின் தொகுதியில், நோயாளியைப் பராமரிக்கத் தகுந்தவருக்குரிய பண்புகளைப் புத்தர் எண்ணிச் சொல்கிறார். மருந்தைச் செய்துகொடுக்கத் தெரிந்திருப்பது முதலாவது. நோயாளிக்கு எது ஆகும், எது ஆகாது என்று அறிந்து, ஆகாததை விலக்கி ஆவதைக் கொண்டுவருவது இரண்டாவது. ஊதியத்தை எண்ணாமல் அன்போடு செய்வது மூன்றாவதாகவே வருகிறது. இந்த வரிசையை நான் முக்கியமாகக் கொள்கிறேன். அன்பின் உருவம் என்று உலகம் போற்றும் ஒருவர், நோயாளியின் பக்கத்தில் நிற்பவரிடம் அன்பைக் கேட்பதற்கு முன்னமே திறமையையும் விலக்கத் தெரிந்திருப்பதையும் கேட்கிறார். திருக்குறளின் 95ஆம் அதிகாரமும் மருத்துவத்தை வைத்தியரோடு முடித்துவிடவில்லை. அதன் கடைசிக் குறள் நோயாளி, மருத்துவர், மருந்து என்ற மூன்றோடு நான்காவதாக ஒருவரையும் வைக்கிறது. மருந்தைப் பிழையாமல் இயற்றிக் கொடுப்பவர் என்று பரிமேலழகர் அவருக்கு உரை கண்டார். சரக சம்ஹிதையிலும் நான்கு உறுப்பு என்ற பகுப்பு உண்டு. எந்தச் சமூகமும் பாதித் தொகையை எட்டாத திருகோணமலை மாவட்டத்தில், மூன்று சமூகங்களின் நூல்களும் இந்த ஓரிடத்தில் ஒன்றாகப் பேசுகின்றன என்பது சிறிய விஷயம் இல்லை. நாம்தான் நான்காமவரை மறந்தோம்.

மறுக்கும் அறிவு தனிமனிதப் பண்பாக மட்டும் இருந்தால் அது ஒரு மேசையோடு நின்றுவிடும். அதை ஒரு நாட்டின் கொள்கையாக்கிக் காட்டிய பெருமை இலங்கைக்கு உண்டு. அதற்கு வழிகாட்டிய சேனக பிபிலே மருந்தாளராகப் பயின்றவர் இல்லை. அவர் மருத்துவர், இலங்கையின் முதலாவது மருந்தியல் பேராசிரியர், இடதுசாரி. ஆனால் மருந்தாளரின் கண்ணை அரசாங்கத்துக்குக் கொடுத்தவர் அவர். 1971இல் அவரும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் சேர்ந்து நாட்டின் மருந்து நிலைமை பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதே ஆண்டு அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது, பிபிலே அதன் தலைவரானார். ஒரே மருந்து பத்துப் பெயரில் பத்து விலைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. ஈராயிரத்துக்கு மேல் இருந்த இறக்குமதி மருந்துகளை நிபுணர்குழு ஒவ்வொன்றாகப் பார்த்து ஏறத்தாழ அறுநூறாகக் குறைத்தது. மருந்துகளைப் பொதுப்பெயரால் அழைத்து, உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி, நாட்டுக்கு மொத்தமாக வாங்கினார்கள். விலை வீழ்ந்தது. எதிர்ப்பும் எழுந்தது. கூட்டுத்தாபனம் வேறிடத்தில் மலிவாக வாங்கிய டெட்ராசைக்ளின் மூலப்பொருளைக் கப்சூலாக அடைத்துத் தர, உள்ளூரில் ஆலை வைத்திருந்த பன்னாட்டு நிறுவனம் ஒன்று இணங்கவில்லை. 1976 ஆகஸ்டில் கொழும்பில் கூடிய அணிசேரா நாடுகளின் உச்சிமாநாடு, வளரும் நாடுகள் மருந்து உற்பத்தியிலும் கொள்வனவிலும் கூடி இயங்கவேண்டும் என்று தீர்மானம் எடுத்தது. 1977இல் உலக சுகாதார நிறுவனம் முதலாவது மாதிரி அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. அதில் இருந்தவை இருநூறு அளவிலான மருந்துகளே. மறு ஆண்டு அல்மா-ஆட்டா பிரகடனம், அத்தியாவசிய மருந்து கிடைக்கச் செய்வதை ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பின் எட்டு அங்கங்களில் ஒன்றாக வைத்தது. பிபிலே அதைக் காணவில்லை. இலங்கையில் கற்றதைப் பிற நாடுகளுக்கு எடுத்துச் செல்லும் ஐக்கிய நாடுகள் பணியில் இருந்தபோது, 1977 செப்டெம்பர் 29இல் கயானாவின் ஜோர்ஜ்டவுனில் காலமானார். அதே ஆண்டு நாட்டில் ஆட்சி மாறியது. இறக்குமதி திறந்துவிடப்பட்டது, அவருடைய கட்டமைப்பின் பெரும்பகுதி தளர்ந்தது. 1982இல் வங்காளதேசம் இதே வழியில் தன் மருந்துக் கொள்கையை அமைத்தபோது, இலங்கை அதிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தது.

பட்டியல் என்பது வெறும் சிக்கனம் என்று சொல்பவர்கள் உண்டு. ஏழை நாட்டுக்குக் குறைந்த மருந்து, பணக்கார நாட்டுக்கு நிறைய மருந்து என்று அதை வாசிப்பவர்களும் உண்டு. எனக்கு அது வேறாகத் தெரிகிறது. ஒரு நாட்டின் பணம் வரம்புடையது என்று ஒப்புக்கொண்டு, அந்த வரம்புக்குள் எவருடைய உயிர் முதலில் வருகிறது என்று வெளிப்படையாக எழுதிவைப்பது நீதியின் வேலை. எழுதாமல் விட்டால் தெரிவு நடக்காமல் போவதில்லை. அதைச் சந்தை செய்யும், விளம்பரம் செய்யும், வாங்கும் பலம் செய்யும். புல்மோட்டையில் மீன்பிடிக்கும் ஒருவரின் பிரஷர் குளிசையும் கொழும்பில் வசதியான ஒருவரின் விலையுயர்ந்த சத்துப்பாகும் ஒரே டொலருக்குப் போட்டியிடும்போது, இரண்டாவதை நிறுத்தி முதலாவதைக் கொண்டுவருகிற கை இரக்கமற்றதாகுமா? அது முகம் தெரியாதவர் மீதும் இரக்கம் கொண்ட கை. தானம் எதிரே நிற்பவரைப் பார்க்கிறது. பட்டியல் வரிசையின் கடைசியில் நிற்பவரையும் எண்ணுகிறது.

இந்த வாதத்துக்கு எதிரான மிக வலுவான கேள்வியை இந்த மாவட்டமே வைத்திருக்கிறது. மறுப்பதை அறம் என்று சொல்லத் தொடங்கினால், மருந்தை மறுத்தே மக்களை வதைத்தவர்களுக்கும் அதே சொல் உதவாதா? போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குப் போகும் மருந்து, சோதனைச் சாவடியில் அனுமதிக்கும் பட்டியலுக்கும் தடுக்கும் பட்டியலுக்கும் நடுவில் சிக்கிக் கிடந்தது. 2009 பெப்ரவரியிலிருந்து மே வரை சர்வதேச செஞ்சிலுவைக் குழு முல்லைத்தீவுக் கரையிலிருந்து காயப்பட்டவர்களையும் நோயாளிகளையும் உடன் வந்தவர்களையுமாக ஏறத்தாழ 14,000 பேரைக் கடல்வழியாக வெளியே கொண்டுவந்தது. முதலில் அவர்கள் திருகோணமலைக்கே வந்தார்கள். பிறகு புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழு அமைத்த ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அவர்கள் விட்டுவந்த இடத்தில் சத்திரசிகிச்சைக்கு வேண்டியவை இருக்கவில்லை. மோதல் வலயத்தில் இருந்தவர்களுக்கு உணவையும் மருத்துவப் பொருட்களையும், குறிப்பாகச் சத்திரசிகிச்சைப் பொருட்களையும் அரசாங்கம் கிடைக்காமற் செய்தது என்ற குற்றச்சாட்டு நம்பத்தகுந்தது என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர்குழு 2011இல் கூறியது. அந்த மக்களை வெளியேறவிடாமல் தடுத்ததாகப் புலிகள் மீதான குற்றச்சாட்டையும் அதே குழு நம்பத்தகுந்ததாகக் கண்டது. மருந்துப் பட்டியல் ஆயுதமாகவும் மாறும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இந்த எதிர்வாதத்தை ஒதுக்கிவிட்டுப் போகமுடியாது. அதற்கு விடை சொல்லும்போதுதான் என் வாதமும் கூர்மை பெறுகிறது. இரண்டு மறுப்பும் வெளிப்பார்வைக்கு ஒன்றாக இருக்கலாம். ஒன்று காலாவதியான பெட்டியைத் திருப்பி அனுப்புகிறது, மற்றது மயக்கமருந்துப் பெட்டியைத் திருப்பி அனுப்புகிறது. அவற்றைப் பிரிக்கும் சோதனை இதுதான்: மறுப்பதற்கான காரணத்தை நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லமுடியுமா? 'இந்த மருந்து உனக்குக் கேடு செய்யும்' என்று சொல்லலாம். 'இதன் விலையில் உன்னைப் போன்ற பத்துப் பேருக்கு இதே குணமுள்ள வேறு மருந்து வாங்கலாம்' என்றும், கடினமாக இருந்தாலும், சொல்லலாம். 'உனக்குக் கால் போனாலும் பரவாயில்லை, உன் ஊரை ஆள்பவன் தோற்கவேண்டும்' என்று எந்த மருந்தாளரும் சொல்லமுடியாது. முதல் இரண்டிலும் நோயாளியின் நலனே காரணமாக இருக்கிறது. மூன்றாவதில் நோயாளி வேறொருவரின் நோக்கத்துக்குக் கருவியாகிறார். டெட்ராசைக்ளினை அடைத்துத்தர மறுத்ததும் இந்தச் சோதனையில் தேறாது. ஆகவே மறுக்கும் அதிகாரம் சிப்பாயிடமோ வணிகரிடமோ போகாமல், நோயாளியின் நலனையே தொழிலாகக் கொண்டு அதற்காகவே பயிற்சி பெற்றவரிடம் இருக்கவேண்டும் என்று இதே வரலாறு கேட்கிறது. அந்த அதிகாரமும் எழுத்தில் பதிந்து, கேள்வி கேட்கத்தக்கதாக இருக்கவேண்டும். போர்க்காலத் தடைகள் வாய்மொழி உத்தரவிலும் காரணம் கூறாத தாமதத்திலும் எவ்வளவு தூரம் ஒளிந்திருந்தன என்பதை அந்தக் காலத்தில் இங்கே வாழ்ந்தவர்கள் அறிவார்கள்.

ஒன்றுமில்லாததற்கு ஏதோ ஒன்று நல்லதுதானே என்பதும் அடிக்கடி கேட்பது. 2022இல் நாட்டிடம் டொலர் தீர்ந்தபோது இந்த வாதம் வலுப்பெற்றது. ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்துக்கு வெளியில் வாங்கும்படி துண்டு எழுதிக்கொடுத்தார்கள், வெளியிலும் கிடைக்கவில்லை. பேராதனை ஆஸ்பத்திரியில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளையே ஒத்திவைக்கவேண்டி வந்தது. அந்த நேரத்தில் நன்கொடையாளர்களும் புலம்பெயர்ந்த தமிழ்ச் சங்கங்களும் அனுப்பிய மருந்து உயிர்களைக் காத்தது. அதை நன்றியோடு சொல்லவேண்டும். ஆனால் அதே நெருக்கடியின் பெயரால் அவசரக் கொள்வனவு என்று சோதனைகளைத் தளர்த்தியதன் விளைவையும் நாடு பார்த்தது. 2023இல் போலி ஆவணங்களோடு வந்த தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்குள் நுழைந்தது. அந்தக் கொள்வனவின்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் 2024 பெப்ரவரியில் கைதானார். உடம்பின் எதிர்ப்புச்சக்தி குலைந்தவர்களுக்கு ஏற்றப்படும் மருந்து அது. அங்கே 'ஏதோ ஒன்று' என்பது ஒன்றுமில்லாததைவிட மோசமானது. சோதனை என்பது வசதியான காலத்தின் ஆடம்பரம் என்று எண்ணுகிறோம். பற்றாக்குறைக் காலத்தில்தான் ஏமாற்றுபவர்களுக்கு வழி அகலமாகத் திறக்கிறது, அப்போதுதான் சோதிப்பவர் அதிகம் வேண்டும்.

மருந்தாளரும் வணிகர்தானே, அவரிடம் அறத்தை ஒப்படைக்கலாமா என்ற ஐயமும் நியாயமானதே. அந்த ஐயம் பழையது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிசிலியை ஆண்ட இரண்டாம் பிரெடெரிக், வைத்தியரும் மருந்து விற்பவரும் கூட்டு வியாபாரம் செய்யக்கூடாது என்று சட்டம் செய்தான். இஸ்லாமிய நகரங்களின் சந்தைகளில் முஹ்தசிப் என்ற கண்காணிப்பாளர் மருந்துக் கடைகளையும் சோதித்தார். நமது சித்த மருத்துவத்தில், திருகோணமலை வளாகத்தில் இன்று பல்கலைக்கழகப் பட்டமாகக் கற்பிக்கப்படும் அந்த மரபில், வைத்தியரே மருந்தையும் முடித்துக் கொடுப்பார். அங்கே கணிப்பவரும் செய்பவரும் ஒருவரே என்பதால் பொறுப்பும் சிதறுவதில்லை, ஆனால் அவரைச் சோதிக்க இரண்டாவது கண்ணும் இல்லை. ஆலையில் செய்து, கப்பலில் ஏறி, பெயர் மாறி வரும் மருந்துக்கு அந்த இரண்டாவது கண் கட்டாயம் வேண்டும். 2017இன் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவிப் பல உயிர்களைக் கொண்டுபோனது. அந்த ஆண்டு நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. டெங்குக் காய்ச்சலில் பனடோல் கொடுக்கலாம். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், அஸ்பிரின் கொடுத்தால் இரத்தப்போக்கு அபாயம் கூடும். உடம்பு நோவுக்கு ஒரு நல்ல குளிசை தாருங்கோ என்று பார்மசியில் வந்து கேட்பவருக்கு வைத்தியரைப் பார்க்கக் காசும் நேரமும் இல்லாமலிருக்கலாம். அந்த மேசையில் தகுதிபெற்ற மருந்தாளர் நின்றால் மறுத்து, ஏன் என்று விளங்கப்படுத்தி, இரத்தம் சோதிக்க ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். அவருடைய சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்க, ஆள் வேறொருவராக இருந்தால் குளிசை விற்கப்படும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் இதையும் தடுக்கத்தான் எழுதப்பட்டது. விற்பனையில் பங்கு வாங்காத, சம்பளத்துக்கு நிற்கும் மருந்தாளரை ஒவ்வொரு மேசையிலும் வைப்பது அந்தச் சட்டத்தை மெய்யாக்கும். வணிக ஆசை இருக்கிறது என்பதால் இந்தத் தொழிலைக் கொள்கையிலிருந்து ஒதுக்கினால், ஆசையைக் கட்டுப்படுத்தத் தெரிந்த ஒரே கையையும் ஒதுக்கியவர்கள் ஆவோம்.

நோய் வினைப்பயன், குணமாவது இறையருள், இடையில் இவ்வளவு கணக்கு எதற்கு என்று கேட்கும் பக்திமான்களுக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. மருந்தைப் பிக்குவின் நான்கு தேவைகளில் ஒன்றாக வைத்த மரபிலும், ஒவ்வொரு நோய்க்கும் இறைவன் மருந்தை இறக்கியிருக்கிறான் என்று நபிமொழி போற்றும் மரபிலும், வைத்தீஸ்வரனென்று சிவனையே வணங்கும் மரபிலும் வளர்ந்தவர்கள், அருள் மருந்தின் வழியாகவும் வரும் என்பதை ஏற்றவர்களே. அப்படி வரும் வழியைத் துப்புரவாக வைத்திருப்பது பக்திக்கு மாறானதல்ல.

கொள்கை வகுப்பது மக்கள் தெரிந்தெடுத்தவர்களின் வேலை, தொழில் நிபுணர்களுக்கு அங்கே என்ன இடம் என்பது கடைசியாகக் கேட்கப்படுவது. முடிவின் உரிமை மக்கள் பிரதிநிதிகளுடையது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் முடிவுக்கு முன் வைக்கப்படும் உண்மை யாருடையது? 1994இல் உலக சுகாதாரப் பேரவை, மருந்தாளர்களின் பங்கைப் பற்றித் தனியாகவே ஒரு தீர்மானம் நிறைவேற்றி, மருந்துக் கொள்கை வகுப்பதிலும் நடத்துவதிலும் அவர்களை முழுமையாகப் பயன்படுத்தும்படி நாடுகளைக் கேட்டது. 2017இல் உலக சுகாதார நிறுவனம் மருந்துத் தவறுகளால் நேரும் கேடுகளை உலகளவில் குறைக்கும் இயக்கத்தைத் தொடங்கியபோது, அத்தவறுகளால் ஆண்டுக்கு 4,200 கோடி டொலர் இழப்பு என்று மதிப்பிட்டது. மருந்து எங்கே தேங்குகிறது, எந்த மாதம் இன்சுலின் முடிகிறது, எந்த நிறுவனத்தின் குளிசை தண்ணீரில் கரையாமல் திரும்பி வருகிறது என்பது மாவட்டத்தின் பிராந்திய மருத்துவ வழங்கல் பிரிவில் நிற்பவருக்குத் தெரியும். ஈச்சிலம்பற்றிலும் வெருகலிலும் ஒரு கிளினிக் மருந்தில்லாமல் மூடினால், நோயாளி அடுத்த கிளினிக்குக்குப் போக என்ன செலவழியும் என்பதும் அவருக்குத் தெரியும். ஜெனீவாவில் பேசும் பிரதிநிதிகளுக்கும் கொழும்பில் கையெழுத்திடுபவர்களுக்கும் அது தானாகத் தெரியவராது. மாவட்ட மருந்தாளர் எழுத்தில் செய்யும் மறுப்புக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். அந்த மறுப்புகள் அமைச்சோடு நின்றுவிடாமல், கொடையாளிகளுக்கும் உலக சுகாதார நிறுவனத்துக்கும் ஒழுங்காகப் போகவேண்டும். நன்கொடை ஒப்பந்தங்கள் பெறும் மாவட்டத்தின் மருந்தாளர் பார்த்த பின்னரே இறுதியாகவேண்டும். அனர்த்த வேளையில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று சொல்வார்கள். அந்த வேலையை முன்கூட்டியே செய்துவைக்கலாம் என்பதற்கு எடுத்துக்காட்டு ஏற்கெனவே இருக்கிறது. 10,000 பேருக்கு ஏறத்தாழ மூன்று மாதத்துக்குத் தேவையான மருந்தையும் உபகரணத்தையும் அளந்து அடைத்த அவசர சுகாதாரப் பெட்டியை ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் 1990இலிருந்து பயன்படுத்தி வருகின்றன. அதில் எது இருக்கவேண்டும், எது கூடாது என்று அமைதியான காலத்தில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டார்கள். கிழக்கில் அடுத்த வெள்ளமோ புயலோ வருமுன், திருகோணமலையின் மருந்தாளர்கள் தங்கள் மாவட்டத்தின் நோய்களையும் மொழிகளையும் வைத்து அப்படியொரு பட்டியலை எழுதி, கொடுக்க விரும்பும் எல்லாருக்கும் இப்போதே அனுப்பிவைக்கலாம்.